எலெக்ட்ரிக் பஸ் வாங்குவதா, தனித்தடம் போடுவதா?

குழு_உறுப்பினர்:
நகராட்சியின் போக்குவரத்துக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இருக்கிற பணத்துக்கு ஓர் எலெக்ட்ரிக் பஸ் வாங்கலாம் என்று பாதிப் பேர். டிக்கெட்டே வேண்டாம், பஸ்ஸை இலவசமாக்கிவிடலாம் என்று மீதிப் பேர். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய_டைம்கீப்பர்:
இருபது வருஷம் பஸ் ஷெட்யூல் போட்டவன், கணக்கில்தான் பேச வரும். ஒரு பஸ் போய்த் திரும்ப 60 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 6 பஸ் ஓட வேண்டும். நெரிசலான இடத்தில் மட்டும் பஸ்ஸுக்கென்று தனித்தடம் பிரித்து, சிக்னலில் பஸ்ஸுக்கு முதலில் பச்சை கொடுங்கள். 50 நிமிடத்தில் திரும்பிவிட்டால் அதே இடைவெளிக்கு 5 போதும். ஆறாவது பஸ் உங்களுக்குச் சும்மா கிடைத்த மாதிரி. பெயின்ட் செலவு எங்கே, பஸ் விலை எங்கே!

எலெக்ட்ரிக் பஸ் நல்லதுதான், புகை இல்லை. ஆனால் நெரிசலில் அதுவும் நிற்கத்தான் செய்யும். பிரேசிலின் குரிடிபா நகரம் 1974-இல் தனித்தடம் போட்டு ஓட்டியது டீசல் பஸ்தான்.

இலவசம்? எஸ்டோனியாவின் தலைநகர் டாலின் 2013-இல் உள்ளூர்வாசிகளுக்குக் கொடுத்தது. நடந்துபோனவர்கள் நிறையப் பேர் பஸ் ஏறினார்கள். காரை விட்டு இறங்கியவர்கள் குறைவு.

இரண்டு_சக்கரம்:
சைக்கிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் அழகான சைக்கிள் தடம் இருக்கிறது, பெரிய சந்திப்புக்கு இருபதடி முன்னால் முடிந்துவிடும். பயம் தொடங்குவதே அங்கேதான். துண்டு துண்டாகப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

குழு_உறுப்பினர்:
தனித்தடம் என்றால் தெருவோர பார்க்கிங்கை எடுக்க வேண்டும். கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா?

பழைய_டைம்கீப்பர்:
விடமாட்டார்கள். அதனால் "சோதனை" என்று சொல்லிப் போடுங்கள், பிளாஸ்டிக் கம்பம் போதும். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நெரிசல் கட்டணத்துக்கு, அதாவது நகர எல்லையைத் தாண்டும் வண்டிகளிடம் வாங்கும் கட்டணத்துக்கு, முதலில் எதிர்ப்புதான் அதிகம். 2006-இல் ஏழு மாதம் சோதனை நடத்தினார்கள், எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அப்புறம்தான் ஓட்டெடுப்பு. நகரவாசிகள் வேண்டும் என்றார்கள், 2007-இல் நிரந்தரமானது. முதலிலேயே ஓட்டு வைத்திருந்தால் தோற்றிருக்கும் என்பது என் எண்ணம்.

குழு_உறுப்பினர்:
சரி ஐயா, அந்த 6, 5 கணக்கை அடுத்த கூட்டத்தில் போர்டில் எழுதிக் காட்டுகிறேன்.

பழைய_டைம்கீப்பர்:
என் எண்ணை எழுதாதீர்கள். மூன்று நாள் சாயங்கால பஸ்ஸில் நீங்களே உட்கார்ந்து கடிகாரம் பாருங்கள். கடைசி ஸ்டாப்பில் டிரைவர் இளைப்பாறும் நேரத்தையும் சேர்க்க வேண்டும், எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.