வெட்டுத்துணி மலை மாதிரி சேருது, என்ன பண்றீங்க?

கேள்வி: ரெடிமேட் வாங்குறத குறைக்கலாம்னுதான் தையல் மெஷின் வாங்கினேன், ஆறு மாசத்துல ஒரு பை நிறைய துண்டுத்துணி, பாதி பாலியஸ்டர் வேற. இதுக்கு கடையிலயே வாங்கியிருக்கலாமோ?

பதில் 1: அவசரப்படாதீங்க. புது மாடல்னா முதல்ல பழைய பெட்ஷீட்ல வெட்டி தைச்சு போட்டுப் பாருங்க, அளவு தப்பினாலும் நல்ல துணி தப்பிக்கும். அப்புறம் காட்டன நனைச்சு காயவெச்சுட்டுத்தான் கத்திரி வைக்கணும், நான் அப்படியே தைச்சு முதல் துவையல்லயே சுருங்கி ரெண்டு சட்டை போச்சு.

பதில் 2: பக்கத் தையல்ல 1 இன்ச் துணி உள்ள விடுங்க, உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம், இல்லன்னா புதுசா தைக்கணும். காலர், பாக்கெட்டெல்லாம் பெரிய பீஸ்களுக்கு நடுவுல மிஞ்சுற இடத்துல வெட்டுங்க, நூல் ஓட்டம் (துணில நூல் நீளவாக்குல ஓடுற திசை) மட்டும் கோணாம பாத்துக்கோங்க. பழசுல இருந்து பட்டன், ஜிப் கழட்டி வெச்சிருக்கீங்கதானே?

பதில் 3: பாலியஸ்டர் துண்ட குஷனுக்குள்ள அடைச்சிடுங்க. துடைக்க வெச்சுக்கிட்டா ஒவ்வொரு தடவை அலசுறப்பவும் பொடி பிளாஸ்டிக் இழை தண்ணில போகும், அதுக்கு காட்டன் துண்டுதான் சரி.

கேள்வி கேட்டவர்: ஐயோ, நனைக்கணும்னே தெரியாது, நேத்துதான் ஒரு பேன்ட் வெட்டினேன் 😭