பிள்ளைக்கு முதுகில் பை மாதிரி இருக்கிறதாம், ஒபரேஷன் செய்தால் நடக்குமா?

உப்புவெளி அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். மனைவிக்கு இப்போது 31 வாரம், எங்களுக்கு முதல் பிள்ளை. போன கிழமை எடுத்த ஸ்கேனில் பிள்ளையின் முள்ளந்தண்டு இடுப்புக்குக் கிட்ட மூடவில்லை, அதில் ஒரு பை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, தலையிலும் நீர் கொஞ்சம் கூட என்று சொல்லி ‘ஸ்பைனா பிஃபிடா’ என்று எழுதித் தந்தார்கள். 20 வாரத்தில் காசு கொடுத்து ஓரிடத்தில் எடுத்த ஸ்கேனில் எல்லாம் சரி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிறந்தவுடன் ஒபரேஷன், அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும் என்கிறார்கள். ஓட்டை பெரிதென்றால் பிளாஸ்டிக் சேர்ஜனும் வருவாராம். பிளாஸ்டிக் சேர்ஜரி அழகுக்குச் செய்வது என்றுதானே நான் நினைத்திருந்தேன், முதுகுக்கு எதற்கு? ஒபரேஷன் செய்தால் கால் சரியாகிவிடுமா? வயிற்றிலேயே வைத்துச் செய்யலாம் என்று யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன், அது உண்மையா? அம்மா வேறு, ஐந்தாம் மாதத்தில் கிரகணத்தன்று இவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டாள், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இவள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

கிண்ணியா உம்மா:
தம்பி, என் மகனுக்கும் இதேதான், இப்போது ஏழு வயது. அவன் பிறந்து அடுத்த நாள் காலையே அம்புலன்ஸில் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். 260 கிலோமீற்றர் இருக்கும், அவர் கூடப் போனார், எனக்கு சிசேரியன் என்பதால் நான் இங்கே வார்டில் கிடந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கும். பிள்ளையைக் குப்புறப் போட்டு, அந்தப் பையை ஈரத்துணியால் மூடித்தான் கொண்டு போனார்கள். ஒபரேஷன் முடிந்தும் கன நாள் மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது, மடியில் போட்டுப் பால் கொடுக்க முடியாது. நான் பக்கத்தில் சரிந்து படுத்துக் கொடுக்கப் பழகினேன். வார்டில் இருந்த சிங்கள அக்கா ஒருத்திதான் எப்படி என்று காட்டித் தந்தார், அவருடைய பிள்ளைக்கும் இதே.

கால் சரியாகுமா என்றால், எங்களுக்கு ஆகவில்லை. முழங்காலுக்குக் கீழே சப்பாத்து மாதிரி ஒரு பிரேஸ் போட்டு, வாக்கர் பிடித்து நடக்கிறான். பள்ளிக்கூடம் போகிறான், வாய் மட்டும் நல்ல நீளம்.

ஓய்வு பெற்ற நேர்ஸ்:
சிறுவர் சத்திரசிகிச்சை வார்டில் கன காலம் வேலை செய்தவள் நான். தம்பி கேட்டதில் முக்கியமானது கால், அதை முதலில் சொல்கிறேன். அந்த ஒபரேஷன் காலைத் திருத்துவதற்கு இல்லை. வெளியே கிடக்கும் முண்ணாணில் கிருமி ஏறாமலும் மூளைநீர் ஒழுகாமலும், மிச்சம் இருக்கும் நரம்பு கெட்டுப் போகாமலும் காக்கத்தான். இதை யாரும் முன்கூட்டியே விளங்கப்படுத்தாததால் பெற்றோர் பிறகு டொக்டரோடு கோபிப்பதை நிறையக் கண்டிருக்கிறேன். கிருமி ஏற முன்பே மூட வேண்டும் என்பதால்தான் பிறந்து 48 மணித்தியாலத்துக்குள், கூடிப் போனால் 72க்குள் மூடப் பார்ப்பார்கள். நடப்பது எவ்வளவு என்பது ஓட்டை எந்த மட்டத்தில் என்பதைப் பொறுத்தது. கீழே போகப் போக நல்லது.

பிளாஸ்டிக் சேர்ஜன் எதற்கென்றால், இது ஒரு தையலோடு முடிகிற வேலை இல்லை. தோலோடு ஒட்டிக் கிடக்கும் நரம்புத் திசுவைப் பிரித்து உள்ளே இறக்கி, அதன் உறையை நீர் கசியாமல் தைத்து, அதற்கு மேல் தசைப் படலம், கடைசியில் தோல். ஓட்டை அகலம் என்றால் நடுவில் தோல் எட்டாது, இழுத்துத் தைத்தால் இரத்த ஓட்டம் குறைந்து கறுத்துப் பிரிந்துவிடும். அப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் தோலையும் தசையையும் இரத்தக் குழாயோடு நகர்த்தி மூடுவார்கள். அழகுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வயிற்றில் வைத்துச் செய்வது உண்மைதான். 2011இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், அப்படிச் செய்த பிள்ளைகளில் 40 வீதத்துக்குத்தான் ஒரு வயதுக்குள் தலையில் தேங்கும் நீரை இறக்கக் குழாய் தேவைப்பட்டது, பிறந்த பிறகு செய்தவர்களில் 82 வீதம். ஆனால் 26 வாரத்துக்குள் செய்ய வேண்டும், தாய்க்கும் ஆபத்து உண்டு. உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது, அந்த வீடியோவை இனிப் பார்க்காதீர்கள்.

அப்புறம் கிரகணம். முள்ளந்தண்டுக் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடி முடிந்துவிடும், பிள்ளை தங்கியதே தெரியாத நேரம். ஐந்தாம் மாதத்துக் கிரகணம் எப்படிப் பின்னோக்கிப் போய் அதைத் திறக்கும் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கிண்ணியா உம்மா:
நேர்ஸ் அக்கா சொன்ன தலைநீரைச் சும்மா எடுக்க வேண்டாம். மகனுக்கு முதுகு மூடிய பிறகுதான் தலை பெருக்கத் தொடங்கியது, உச்சிக்குழி புடைத்து, கண் கீழே பார்த்தபடி நின்றது. பதினாறாம் நாள் ஷன்ட் வைத்தார்கள், காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியால் வயிற்றுக்கு ஒரு குழாய். இரண்டு வயதில் அது அடைபட்டது. சத்தியும் தூக்கமுமாக இருந்தான், நாங்கள் காய்ச்சல் என்று ஒரு நாளை வீணாக்கினோம், அந்தப் பிழையை நீங்கள் விடாதீர்கள்.

சலம்தான் நடையை விடப் பெரிய வேலை. சலப்பை தானாக முழுசாக வெறுமையாகாது, தேங்கினால் சிறுநீரகத்துக்கு ஏறும். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சின்னக் குழாய் விட்டு நானே எடுக்கிறேன். முதல் தடவை கை நடுங்கியது, இப்போது ரைஸ் குக்கர் போடுகிற மாதிரி. இறப்பர் கையுறை, பலூன் எதுவும் வீட்டில் இல்லை, இந்தப் பிள்ளைகளுக்கு அது அலர்ஜியாகும். பெருநாளுக்கு யாரும் பலூன் கொண்டு வந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவேன்.

நிலாவெளி:
அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போது ஒரு விஷயம். ஒரு தடவை இப்படி வந்தவர்களுக்கு வழக்கமான 0.4 மில்லிகிராம் போலிக் அசிட் போதாது, பத்து மடங்கு, 4 மில்லிகிராம், கருத்தரிக்க முன்பே தொடங்க வேண்டும். அதனால் திரும்ப வருவது 72 வீதம் குறைந்தது என்று 1991இலேயே பிரித்தானிய ஆய்வு காட்டியது. சத்து மாத்திரையை நாலைந்தாக விழுங்கி அந்த அளவை எட்டப் பார்க்க வேண்டாம், விற்றமின் ஏ கூடிவிடும். டொக்டரிடம் தனியாக எழுதி வாங்குங்கள். வலிப்புக்கு மருந்து எடுப்பவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும், வல்புரோவேட் இதை வரவழைக்கும்.

உப்புவெளி அப்பா:
எல்லோருக்கும் நன்றி. நேர்ஸ் அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் குசினிக்குப் போய்விட்டார். ஒரு சின்னக் கேள்வி, பிள்ளையின் தலை பெருக்கிறதா என்று வீட்டில் அளக்க மனைவியின் தையல் டேப் போதுமா?

ஓய்வு பெற்ற நேர்ஸ்:
பழைய துணி டேப் இழுபட்டு அளவு பிழைக்கும், புதிதாக ஒன்று வாங்குங்கள். புருவத்துக்கு மேலாலும் பின்மண்டையில் அதிகம் தள்ளி நிற்கும் இடத்தாலும் சுற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் அளக்கட்டும். திகதியோடு எழுதி வையுங்கள், கிளினிக்கில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.