அரசுக் கட்டணம்: “இவ்வளவு எதற்கு?” என்று கேட்ட அனுபவம் உண்டா?

தென்காசி மகள்
2023 ஜூலையில் அப்பா வீட்டை என் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதினார். ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று 12ஆம் தேதிக்கு டோக்கன் போட்டிருந்தோம். முத்திரைத் தீர்வை 25,000, பதிவுக் கட்டணம் 4,000, ஆக 29,000 என்று பத்திர எழுத்தர் ஜூனிலேயே ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்திருந்தார். இரண்டுமே உச்சவரம்புத் தொகைகள். ஜூலை 10ஆம் தேதி அவை 40,000, 10,000 என்று மாறின. அதே சீட்டில் 29ஐ அடித்துவிட்டு 50 என்று எழுதினார்.

பதிவின்போது அப்பாவின் கட்டைவிரல் ரேகை கருவியில் விழவில்லை. மூன்றாம் முறை வைத்துக்கொண்டே, “தம்பி, அதிகம் வாங்கும் 21,000க்குப் புதிதாக என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். அலுவலர் நிமிரவில்லை. “பெரியவரே, விரலைத் துடைத்துவிட்டு வையுங்கள்.”

சிங்காநல்லூர்க்காரன்
கட்டணத்தை ஏற்றும் முன் உங்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள், அதுதான் வித்தியாசம். 2022 ஆகஸ்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையில் நடத்திய கருத்துக்கேட்பில் பேசினேன். எனக்கு முன்னால் பேசிய விசைத்தறிக்காரர் மூன்று மாத மின்சார ரசீதுகளை மேசையில் பரப்பி வைத்தார். மின்விசிறிக் காற்றில் ஒன்று பறந்தது. மேடையில் இருந்தவர் ஒருவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அன்று நடந்ததில் எனக்கு இன்றும் கண்முன் நிற்பது அது ஒன்றுதான். செப்டம்பர் 10ஆம் தேதி கட்டணம் உயர்ந்தது. விலைவாசிக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் ஏற்றிக்கொள்ள அந்த ஆணையிலேயே வழி வைத்துவிட்டார்கள். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியபோது ரசீது பறக்க மேசையும் இல்லை.

மூன்று பிள்ளைகளின் தாய்
இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு 60 ரூபாய் என்று சுவரில் எழுதியிருக்கிறது. என்னிடம் வாங்கியது 150. ரசீது கேட்டேன். “பிரிண்டரில் மை இல்லை அக்கா” என்றார். சான்றிதழ் மட்டும் அதே பிரிண்டரில் பளிச்சென்று வந்தது.

ஓய்வுபெற்ற எழுத்தர்
சகோதரி சொல்வது கூடுதல் வசூல், அதற்குப் புகார் போதும். இங்கே பேச்சு கட்டணத்தை நிர்ணயிப்பது பற்றி. தென்காசி மகளுக்கும் ஒரு திருத்தம்: 21,000ஐ மொத்தமாகச் சொல்லக் கூடாது. அதில் 15,000 முத்திரைத் தீர்வை. அது வரி, சேவைக்கான விலை அல்ல. மீதி 6,000தான் கட்டணம். வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை 1954இல் சிரூர் மடம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. கட்டணம் என்றால் கொடுப்பவருக்குப் பதிலாக ஏதாவது ஒரு சேவை கிடைக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. வில்லங்கச் சான்றுக் கட்டணம் ஏன் இவ்வளவு என்று ஒருவர் கேட்டபோது, “அரசாணை” என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டேன். அந்த அரசாணையை நான் படித்ததில்லை.

ஆகவே செய்ய வேண்டியது: தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். “ஏன் உயர்த்தினீர்கள்?” என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். உயர்வுக்கான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், ஓர் ஆவணத்தைப் பதிய ஆகும் செலவைக் கணக்கிட்ட தாள் ஆகியவற்றின் நகல் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

சிங்காநல்லூர்க்காரன்
ஐயா, அப்படி ஒரு கணக்குத் தாள் இருக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

ஓய்வுபெற்ற எழுத்தர்
இல்லையென்றால் “இல்லை” என்று கையொப்பமிட்டுத் தரட்டுமே.

தென்காசி மகள்
இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வரி என்றதும் தலையாட்டிவிட்டார். “சரி, 15,000 போகட்டும். அந்த 6,000 எதற்கம்மா?” என்கிறார். வில்லை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். மனுவில் கையெழுத்துப் போதுமா, ரேகையும் வைக்க வேண்டுமா?