டிக்கியில் கிடக்கிற ஜாக்கி அந்தக் காரோடதுதானா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

டல்லாஸ், 1966 செவ்ரலே இம்பாலா

வண்டி வாங்கி மூணு வருஷம் ஆச்சு. வித்தவர் டிக்கியைத் திறந்து, "ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் கம்பெனியில வந்ததே"ன்னு காட்டினார். நானும் நம்பிட்டேன். போன மாசம் ஃபோர்ட் வொர்த் போற வழியில பின் டயர் உட்கார்ந்துடுச்சு. ஸ்பானரை வீல் நட்டுல மாட்டினா லொடலொடன்னு ஆடுது, அழுத்தினா வழுக்குது. செவ்ரலே நட்டு முக்கால் இஞ்ச். என் கையில இருந்தது 13/16, அந்தக் காலத்து ஃபோர்டு அளவு!

இது பம்பர் ஜாக்கி, பம்பருக்கு அடியில கொக்கி கொடுத்துக் காரைத் தூக்குறது. இதுல கைப்பிடியும் வீல் ஸ்பானரும் ஒண்ணுதான். ஒரு முனை நட்டுக்கு, தட்டையான மறுமுனை வீல் கப்பை நெம்ப. கைப்பிடி ஃபோர்டுன்னா மிச்சம்? கொக்கியை பம்பருக்கு அடியில கொடுத்துப் பார்த்தேன். பாதிதான் உட்காருது. ரெண்டு டன் இரும்பை அதுல தொங்கவிட தைரியம் வரல, டோ வண்டியைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிக்கி மூடியோட உள்பக்கம் டார்ச் அடிச்சா, ஓரம் கிழிஞ்ச ஸ்டிக்கர்ல ஜாக்கி மாட்டுற படம். அதுல கொக்கி வேற மாதிரி. மூணு வருஷமா என் தலைக்கு மேலயே இருந்திருக்கு.

கலமசூ, மிச்சிகன்

தம்பி, அந்த ஸ்டிக்கர்தான் முதல் சாட்சி. அதை உரிச்சுடாதீங்க, புதுசு ஒட்டுறதா இருந்தாலும் முதல்ல போட்டோ எடுத்து வையுங்க.

அடுத்தது முத்திரை. எங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேரம் போனா செயின்ட் ஜோசஃப். ஜாக்கி செஞ்ச ஆட்டோ ஸ்பெஷாலிட்டீஸ் கம்பெனி, சுருக்கமா ஆஸ்கோ, அங்கேதான் இருந்தது. முக்கோணத்துக்குள்ள 'ஏ' எழுத்து இருந்தா அவங்க சரக்கு. ஆனா அதைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காதீங்க. அவங்க ஒரே கார் கம்பெனிக்குச் செய்யல. யார் செஞ்சதுன்னுதான் அது சொல்லும், எந்தக் காருக்குன்னு சொல்லாது.

ஒரு அக்டோபர்ல ஹெர்ஷி பழைய கார் சந்தைக்குப் போயிருந்தேன், பென்சில்வேனியாவுல. ஒரு மேஜை மேல பளபளன்னு கறுப்பு ஜாக்கி, 'ஒரிஜினல்'னு அட்டை. அடித்தட்டுல ஏதோ எழுத்து மேடு தட்டுப்படுது, கெட்டிப் பெயின்ட்ல முழுகிப் போச்சு. கல்வெட்டு மேல மாவு தடவிப் படிப்பாங்களே, அது ஞாபகம் வந்தது. பையில இருந்த சாக்பீஸைப் படுக்கவச்சுத் தேய்ச்சேன். தட்டுல ஒரு கம்பெனி பேர், தண்டுல வேற முத்திரை! கடைக்காரர் முகம் மாறிடுச்சு. "துடைச்சுட்டுப் போங்க"ன்னார்.

பெரும்பாலும் மோசடி இல்லை இது. தட்டு, பல்லுத் தண்டு, கொக்கி ஏறுற ராட்செட், கைப்பிடி எல்லாம் தனித்தனியாக் கழண்டு வரும். அம்பது வருஷத்துல எத்தனை கராஜ் மாறியிருக்கும்! தண்டு ஒரு வீட்டுப் பிள்ளை, தட்டு இன்னொரு வீட்டுப் பிள்ளை. நான் முதல்ல துருவைத்தான் பார்ப்பேன். ஒண்ணாவே கிடந்த ஜாக்கின்னா நாலுலயும் துரு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

ஹூஸ்டன், 1968 டாட்ஜ் டார்ட்

என் கதை ஜாக்கி கதை இல்ல, ஆனாலும் சொல்றேன். ஜாக்கி சரி, ஸ்பானர் அளவும் சரி. டிரைவர் பக்கம் முன் சக்கரம். மச்சான் ஸ்பானர் மேல ஏறி நின்னு மிதிச்சான், போல்ட் 'டொக்'குனு ஒடிஞ்சுபோச்சு. 1970 வரைக்கும் கிறைஸ்லர், டாட்ஜ், பிளைமவுத் வண்டிகள்ல இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் சுத்தினாத்தான் கழலும். அவன் கழட்டுறதா நினைச்சு இறுக்கியிருக்கான். போல்ட் முனையில 'எல்'னு பொறிச்சிருந்தது. எங்களுக்குத்தான் கிரீஸ் துடைச்சுப் பார்க்கத் தோணல.

ஸ்கார்பரோ, கனடா

நாங்கள் ஜக் எண்டுதான் சொல்லுறது. என்னட்ட 1965 கோர்வெட் நிக்குது. ஒருத்தர் 'கோர்வெட் ஜக்' எண்டு சொல்லிப் பம்பர் ஜக் ஒண்டைக் கொண்டுவந்து 150 டொலர் கேட்டார். எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. அந்தக் காரின்ர பம்பரைப் பாத்தாலே தெரியும், அது அழகுக்கு வச்சது. அதில தூக்கினால் ஃபைபர்கிளாஸும் சேர்ந்து வரும். கோர்வெட்டுக்கு வந்தது கத்தரிக்கோல் மாதிரி விரியிற ஜக், சீற்றுக்குப் பின்னால நிலத்தில மூடிக்குக் கீழ கிடக்கும். காரை எங்க பிடிச்சுத் தூக்கவேணும் எண்டு முதல் யோசியுங்கோ. பாதி ஜக் அதிலயே கழிஞ்சுபோகும்.

டல்லாஸ், மறுபடியும்

எல்லாருக்கும் நன்றி. போன ஞாயிறு ஒரு பெரியவர் வீட்டு கராஜ் சேல்ல ஒண்ணு கிடைச்சது, 40 டாலர். சாக்பீஸோடதான் போனேன், அண்ணே! துரு ஒரே மாதிரி, ஸ்பானர் முக்கால் இஞ்ச், கொக்கி ஸ்டிக்கர் படத்துல இருக்கிற மாதிரியே. பம்பருக்கு அடியில கொடுத்ததும் அசையாம உட்கார்ந்துச்சு.

ஆனா அதுல வண்டியைத் தூக்கமாட்டேன். பிடி தவறினா கைப்பிடி தாடையைப் பேத்துடும்னு அந்தப் பெரியவரே தன் தழும்பைக் காட்டினார். ரோட்டுக்குன்னு சின்ன ஹைட்ராலிக் ஜாக்கி ஒண்ணைப் போர்வையில சுத்தி வச்சிருக்கேன், பழைய கார் கண்காட்சி நாள்ல அந்த ஹைட்ராலிக்கை வீட்டுல விட்டுட்டுப் போயிடுவேன்.

பழைய ஃபோர்டு ஜாக்கி சும்மா கிடக்கு. எந்த மாடலோடதுன்னு எனக்குப் பிடிபடல, நாளைக்கு நாலு பக்கமும் படம் எடுத்துப் போடறேன். கண்டுபிடிக்கிறவர் தபால் செலவு மட்டும் கொடுத்து எடுத்துக்கலாம்.