உதவி: மேலோட்டுப் படிகம் உருக மாட்டேங்குது, ஆற்றலும் நகருது

துகள்கூட்டம்: அவசரம். நியூட்ரான் விண்மீன் மேலோட்டுக்கு லாம்ப்ஸில் (துகள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் மென்பொருள்) யுகாவா அயனிகள் (தூரம் கூடக்கூட விலக்கு விசை வேகமா மங்கும் அயனிகள்) ஓட்டுறேன். பிசிசி படிகத்தை (கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அயனி) சூடாக்கினா காமா (அயனிகளின் மின் ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்த எண்; சூடு ஏறினா குறையும்) 140க்கு இறங்குற வரைக்கும் உருகல. 175ல உருகணும். என்விஇ ஓட்டத்துல (துகள் எண்ணிக்கை, கனஅளவு, ஆற்றல் மூணும் மாறாம இருக்கணும்) மொத்த ஆற்றல் ஏறிக்கிட்டே போகுது. டைம்ஸ்டெப்பை (கணக்கீட்டின் ஒவ்வொரு அடிக்கும் உள்ள நேரம்) பாதியாக்கியும் சரியாகல.

வடமீன்: எந்த அணுக்கரு? அடர்த்தி? எத்தனை அயனி? கட்ஆஃப் (எந்தத் தூரம் வரைக்கும் விசையைக் கணக்கிடுறீங்க) எவ்வளவு?

அலைச்சார்பு: குவாண்டம் விளைவை விட்டுட்டீங்க. அதான் உருகுநிலை தப்பா வருது.

துகள்கூட்டம்: இரும்பு 56, கன செ.மீ.க்கு 10¹⁰ கிராம், 2000 அயனி. கட்ஆஃப் 3 ஆரம் (அயனிக் கோள ஆரம், அதாவது ஒரு அயனிக்குக் கிடைக்கும் சராசரி இடத்தைக் கோளமாக்கினா அதன் ஆரம்).

பழையகை: கட்ஆஃபை முதல்லயே சொல்லியிருந்தா இத்தனை பதிவு வேண்டாம். திரையிடலின் (எலக்ட்ரான்கள் அயனிகளின் விசையை மறைப்பது) அடிப்படையைப் படிச்சிட்டு வாங்க.

வடமீன்: திட்டாம சொல்லலாமே. இந்த அடர்த்தியில் எலக்ட்ரான்கள் சார்பியல் வேகத்தில் இருப்பதால், ஆரத்தைத் திரையிடல் நீளத்தால் (விசை மங்கும் தூரம்) வகுத்தால் 0.185 × அணு எண்ணின் கனமூலம். இரும்புக்கு 0.55, அதாவது திரையிடல் நீளம் 1.8 ஆரம். 3 ஆரத்தில் வெட்டினால் அங்கே விசை இன்னும் அண்டை அயனி விசையில் கால் பங்குக்குக் கிட்ட இருக்கு. ஒவ்வொரு அயனி எல்லையைத் தாண்டும்போதும் விசை குதிக்கும். ஆற்றல் ஏறுறது அதனாலதான். டைம்ஸ்டெப்பைக் குறைச்சு இது தீராது.

கட்ஆஃபை 8 திரையிடல் நீளமாவது வையுங்க, 14.6 ஆரம். ஒரு அயனிக்கு 3,100 அண்டைகள் வரும், மெதுவாத்தான் ஓடும். 2000 அயனிப் பெட்டியின் பக்கம் 20 ஆரம்தான், அதன் பாதிக்குள் இந்தக் கட்ஆஃப் அடங்காது; 16×16×16 அலகு, 8192 அயனிக்குப் போங்க.

உருகுநிலை வேற சிக்கல். குறையில்லாத படிகத்துக்குப் பரப்பு இல்லாததால் அது உருகுநிலையைத் தாண்டியும் திடமாவே நிற்கும். 16×16×32 பெட்டியில் பாதியை உறைய வெச்சு, மீதியை உருக்கி, பிறகு என்விஇயில் விடுங்க. இரண்டும் சேர்ந்து நிற்கிற வெப்பநிலைதான் விடை. காமா 175 என்பது திரையிடல் இல்லாத நிலைக்கு; 0.55க்குச் சுமார் 185.

அலைச்சார்பு: பிளாஸ்மா வெப்பநிலை (இதுக்குக் கீழே அயனி அதிர்வில் குவாண்டம் விளைவு முக்கியமாகும்) 3.6×10⁸ கெல்வின், உருகுநிலை 4.7×10⁸. இதைப் புறக்கணிக்க முடியாது.

பழையகை: முதல் குவாண்டம் திருத்தம் ஒரு அயனிக்கு வெப்ப ஆற்றலில் 2.5 சதவீதம். அதுவும் திடத்துக்கும் திரவத்துக்கும் ஏறக்குறைய ஒண்ணேதான், கழிச்சா அடிபட்டுப் போகும். இரும்புக்கு உருகுநிலை நகராது.

அலைச்சார்பு: கார்பனுக்கு? அதே அடர்த்தியில் உருகுநிலை 4.4×10⁷, பிளாஸ்மா வெப்பநிலை 3.9×10⁸.

பழையகை: அங்கே செவ்வியல் ஓட்டமே (குவாண்டம் விளைவு சேர்க்காதது) செல்லாது. ஆனா அவர் கேட்டது இரும்பு.

துகள்கூட்டம்: கட்ஆஃப் மாத்தினதும் ஆற்றல் ஏறுறது நின்னுடுச்சு. திடமும் திரவமும் சேர்ந்த இரு நிலை ஓட்டத்துல உருகுற காமா 180க்கும் 190க்கும் நடுவுல. நன்றி.