பொருள்: டிரை சால்டருக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய கிட்டார் எஃபெக்ட் பெடல்களைப் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெடல், ஜாக், டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இடிப்பது ஒரே சொல்: டிரை சால்டர். பார்த்தால் ஈயம் வைத்ததுபோல இருக்கும், ஆனால் கம்பியைப் பிடித்திருக்காது. சால்டருக்குப் பற்றாசு என்பதால் 'உலர் பற்றாசு' என்று எழுதினேன். மெய்ப்பு பார்த்தவர், "அப்போ ஈரப் பற்றாசு எது?" என்கிறார்.
– ந.

*

பற்றாசு என்றதும் யாப்புதான், அதாவது செய்யுள் இலக்கணம்தான், முன்னால் வந்து நிற்கிறது. ஆசிடை நேரிசை வெண்பாவில் முதற்குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை அறுந்தால் ஓரிரு அசையை இட்டு இணைப்பார்கள். அந்த அசைக்கு ஆசு என்று பெயர். பொற்கொல்லர் வைக்கும் பற்றாசுதான் அங்கே உவமை. இன்னொரு பக்கம் ஆசு என்றால் குற்றம். 'அரியகற்று ஆசற்றார்' என்கிறது குறள். ஆக, ஒட்டுவதும் ஆசு, குறையும் ஆசு. குறையுள்ள ஒட்டுக்கு 'ஆசாசு' என்று வைத்தால் என்ன? குற்றியலுகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது. (ஆசுகவியை இதோடு குழப்ப வேண்டாம், அது வடமொழி.)
– சி.

*

ஐயா, 'ஆசாசு' என்று அச்சிட்டால் யாரோ தும்மியதாக நினைப்பார்கள். முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம்.

1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற பெடலில் ஒலி விட்டுவிட்டு வந்தால் காரணம் ஒன்றல்ல. சூடு போதாமல் ஈயம் கம்பியில் பரவாமல் உருண்டு நிற்கலாம். உறைகிற நேரத்தில் கம்பி அசைந்து, ஈயம் மணல்மணலாக இறுகியிருக்கலாம். அல்லது முதலில் ஒழுங்காகவே வைத்த ஈயம், காலால் மிதித்து மிதித்து, ஜாக் காலைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிந்திருக்கலாம். முதல் இரண்டும்தான் டிரை சால்டர், மூன்றாவது வெறும் விரிசல். மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் மூன்றுமே கரகரக்கும். மருந்தும் ஒன்றுதான்: பிளக்ஸ் (ஈயம் பரவ உதவும் பசை) தடவி, சூடாக்கி, கொஞ்சம் புது ஈயம். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் பக்கத்தில் இருந்தால் அதன் காலை இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சூடு உள்ளே ஏறிவிடும்.

தட்டும்போது சும்மா இருந்து, சூடு ஏறினால் மட்டும் ஒலி கெட்டால் ஈயத்தின் மேல் பழி போடாதீர்கள். ஜெர்மேனியத்தின் கசிவு மின்னோட்டம் கூடி, இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 4.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அளவு நகர்ந்திருக்கும். எனவே 'குளிர்', 'சூடு' என்ற சொற்களே இந்தக் கையேட்டில் ஆபத்து.
– இரா.

*

அப்படியானால் 'பொய்ப்பற்று'. பொய்க்கால் மாதிரி: இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அந்த உறுப்பு அல்ல. மாணவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.
– தே.

*

வணிகவியல் மாணவர்களுக்கு விளக்கம் வேண்டும் அம்மா. பற்று என்றால் அவர்களுக்குப் பற்று வரவு, பொய்ப்பற்று என்றால் கணக்கில் கள்ளம். மற்றவர்களுக்குப் போலி பக்தி. பழுதுபார்க்கிறவர் எல்லோரும் டிரை சால்டர் என்றுதான் சொல்கிறார்கள். அதையே போடுங்கள், மொழி ஒன்றும் செத்துவிடாது.
– அ.

*

இப்படித்தான் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கிறோம். பயாஸையும் (டிரான்சிஸ்டர் சரியாக இயங்க அதற்குக் கொடுத்து வைக்கும் மின்னழுத்தம்) அப்படியே விடப்போகிறீர்களா? நாங்கள் இலங்கையில் 'கோடல்' என்று படித்தோம். நீங்கள் 'சார்பு' என்கிறீர்கள். கணக்குப் பாடத்திலும் உங்களுக்குச் சார்பு உண்டு, அது வேறு பொருள். ஒரே பையன் காலையில் ஒரு சார்பு, மாலையில் இன்னொரு சார்பு!
– யோ.

*

கோடல் என்றால் வளைதல் மட்டுமா, கொள்ளுதலும்தானே? வெண்காந்தளுக்கும் அதுதான் பெயர்.
– சி.

*

ஐயா, காந்தளை அடுத்த வாரம் பார்க்கலாமா? இரா. சொன்ன பாகுபாட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன்: முதல் இரண்டுக்குப் பொய்ப்பற்று, மூன்றாவதற்கு விரிசல்.  பொருளடைவில் டிரை சால்டரும் இருக்கும், தேடுகிறவர் அதைத்தான் தேடுவார்.
– ந.

*

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பற்றே இல்லாத இடத்தில் பொய்ப்பற்று எப்படி வரும்? 'பற்றாப் பற்றாசு' என்றாவது போட்டிருக்கலாம். கையேட்டின் 4.5 வோல்ட் பத்தியில் பயாஸுக்கு 'சார்பு' என்று இருப்பதையும் கவனித்தேன், தனி மடல் வருகிறது.
– சி.