ஆண் கினிப்பன்றிக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை: வேலூர் வட்டாரத்தில் வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:

எங்கள் ஆண் கினிப்பன்றிக்கு விதை நீக்கி மாதங்கள் ஆகிவிட்டன. குடைமிளகாய் நறுக்கும் சத்தம் கேட்டாலே கூண்டுக் கம்பியைக் கடித்து ஊரைக் கூட்டும் அளவுக்கு இப்போது தேறிவிட்டான். ஆனாலும் அந்த முதல் இரவு மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை.

ஜோடியாக வளர்ப்பவர்களுக்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை; குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினைபிடிக்கும் இனம் இது. 'முந்தைய இரவிலிருந்து பட்டினி போடுங்கள்' என்று மருத்துவமனை உதவியாளர், நாய்க்கும் பூனைக்கும் சொல்வதையே இவனுக்கும் சொன்னார். கினிப்பன்றியால் வாந்தியெடுக்க இயலாது என்றும், வயிறு காலியாகக் கிடந்தால் குடலின் இயக்கமே நின்றுவிடும் என்றும் நான் வாதிட்டதைக் கேட்ட மருத்துவர், தொலைபேசியைத் தாமே வாங்கி, 'கிளம்பும்வரை புல் கடிக்கட்டும் அம்மா, மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன்னால் நான் நிறுத்திக்கொள்கிறேன்' என்றார்.

மாலையில் வீட்டுக்கு அழைத்து வந்து, மரத்தூள் புண்ணில் ஒட்டிவிடும் என்பதால் வெள்ளைத் துண்டு விரித்துப் படுக்க வைத்தோம். நள்ளிரவில் நறநறவென்று சத்தம் கேட்டதும் புல் மெல்லத் தொடங்கிவிட்டான் என்று நானும் கணவரும் மகிழ்ந்துபோனோம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், அருகம்புல் வைத்தது வைத்தபடியே இருந்தது. ரோமம் சிலிர்த்து, முதுகு கூனி, மூலையில் ஒடுங்கி, வெறும் வாயில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அது வலியின் சத்தம். மருத்துவரை எழுப்பிக் கேட்டு, அவர் சொன்ன அளவில் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக் கொடுத்து, வலி தணிந்த பின் தீவன உருண்டையை நீரில் கரைத்து ஊசியில்லாச் சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கம் சிறிது சிறிதாகப் புகட்டினேன். விடியற்காலையில் துண்டின்மீது கிடந்த புழுக்கைகளைக் கண்டு என் மாமியார் கைகூப்பிக் கும்பிட்டார். நான் சிரிக்கவில்லை, எனக்கும் அதே எண்ணம்தான்.

ஆற்காட்டிலிருந்து:

காட்பாடி அக்கா எழுதியதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையே அந்த ஒன்றில்தான் இருக்கிறது. அறுவை முடிந்ததும் ஆண் மலடாகிவிடுவதில்லை. விதைகளை எடுத்த பிறகும் உள்குழாய்களில் விந்து தங்கியிருக்கும். ஆகையால் 4 முதல் 6 வாரங்கள் வரை பெண்ணிடம் விடக் கூடாது. எங்களுக்கோ, 'தையல் ஆறியதும் சேர்த்துவிடலாம்' என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்; அவ்விதமே சேர்த்தோம். பெண் பருத்தபோது கீரை அதிகமாகிவிட்டது என்று என் தங்கை கீரையைக் குறைத்தாள்!

ஒரு நாள் காலை கூண்டைத் திறந்தால், உடல் முழுவதும் ரோமத்துடன், கண் விழித்த குட்டிகள் தாயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. பிறந்தவுடன் ஓடும் என்று படித்திருந்தும், யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டுப் போனார்களோ என்றே ஒரு கணம் தோன்றியது. சினைக்காலம் 59 முதல் 72 நாட்கள். நாட்காட்டியைப் புரட்டிக் கணக்கிட்டால், சேர்த்துவைத்த அந்த வாரத்துக்குத்தான் போய் நிற்கிறது. செலவும் செய்து, அவனுக்கு வலியும் கொடுத்து, குட்டியும் கண்டோம். அந்த ஒரு வாக்கியத்தைச் சீட்டின் ஓரத்தில் எழுதித் தந்திருக்கலாமே என்ற ஆற்றாமை இன்றும் இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து:

இருவர் எழுதியதையும் படித்தேன். வருந்துகிறேன்; ஆனாலும் கேட்கிறேன், இந்த அறுவை தேவைதானா? ஆணை வேறு கூண்டில் வைத்தால் வலியும் இல்லை, செலவும் இல்லை.

நானும் ஒருமுறை போனேன். என்னிடம் இருப்பவை இரண்டும் ஆண், ஓயாமல் சண்டை. மாடுகளுக்குக் காயடிப்பதில் பெயரெடுத்த மருத்துவர் ஒருவர், பெரியவனைக் கையில் ஏந்தி, அடிவயிற்றை விரலால் மெல்ல அழுத்தினார். விதை வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குள் போய்விட்டது. விரலை எடுத்ததும் மறுபடி இறங்கியது. 'பாருங்கள், இந்த வழி இவற்றுக்கு மூடுவதே இல்லை. விதையை எடுத்துவிட்டு இதைச் சரியாகத் தைக்காவிட்டால் குடல் இறங்கிவிடும். எனக்கு இதில் பழக்கமில்லை, நான் கை வைக்க மாட்டேன்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தெரியாது என்று சொல்லத் தெரிந்த அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆகவே ஆண்களின் சண்டையை நிறுத்துவதற்காக அறுவைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து நில்லுங்கள். விதையை எடுத்தாலும் குணம் பெரிதாக மாறுவதில்லை. யார் பெரியவன் என்ற போட்டி இருந்துகொண்டேதான் இருக்கும். கூண்டை அகலப்படுத்துங்கள். தண்ணீர்ப் புட்டி, புல் வைக்கும் இடம், ஒளியும் குடில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வையுங்கள். குடிலுக்கு இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் என்றால் பலவீனமானவன் உள்ளே மாட்டிக்கொள்வான். பெண் வாசம் படும் அறையில் இரண்டு ஆண்களை வைக்காதீர்கள். நான் இவற்றைச் செய்தேன்; இப்போது முறைத்துக்கொள்வதோடு சரி.

ராணிப்பேட்டையிலிருந்து:

குடியாத்தம் ஐயாவின் யோசனை ஆண்களுக்குப் பொருந்தும்; ஆணும் பெண்ணும் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. கூட்டமாக வாழும் பிராணியை ஆயுள் முழுவதும் தனியே அடைப்பதும் ஒரு தண்டனைதான்.

என் அனுபவம் மருந்துக் கடையில் நடந்தது. எங்கள் ஊரில் 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருப்பதால், எதற்கெடுத்தாலும் அங்கே கொண்டு போகச் சொல்லும் உறவினர்கள் எனக்கு உண்டு. அது தடுப்பூசி தயாரிக்கும் இடம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அறுவைக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போனோம். அது நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்பிச் சில நாட்களில் தையலின் ஒரு பக்கம் கெட்டியாக வீங்கியது. இவ்வினத்தில் சீழ் தயிர்க்கட்டிபோல் இறுகிவிடும், தானாக வடியாது. உள்ளூர் மருத்துவர் கீறிச் சுத்தம் செய்து, என்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதிக் கொடுத்தார்.

கடையில் அது இல்லை. கடைக்காரர் அமாக்சிசிலின் சிரப்பை எடுத்து வைத்து, 'கைக்குழந்தைக்கே கொடுக்கிறோம், எலிக்குக் கொடுக்கக் கூடாதா?' என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பாட்டிலை அவர் பக்கமே தள்ளி வைத்தேன். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சு சுரக்கும் கிருமிகளைப் பெருகவிட்டுச் சில நாட்களில் உயிரையே எடுத்துவிடும். அன்று என் மகனை அனுப்பியிருந்தால் அவன் அதை வாங்கி வந்திருப்பான் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

சத்துவாச்சாரியிலிருந்து:

எங்களுடையவனுக்குச் சிக்கல் எதுவும் வரவில்லை. மயக்கம் தெளிந்து என் கையிலிருந்த கொத்தமல்லியை இழுத்ததுதான் நினைவிருக்கிறது. ஆனால் யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லையே! 27 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும் பிராணி இது. அக்கினி நட்சத்திரத்தில் நம் வேலூர் 40ஐத் தாண்டுகிறது. அவசரமில்லாத அறுவையை மார்கழி, தை மாதங்களுக்குத் தள்ளிப் போடுங்கள். கோடையில் செய்தே ஆக வேண்டுமென்றால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். மயக்கம் முழுவதும் தெளியும்வரை குளிரும் ஆகாது என்பதால், திரும்பும் வழியில் அவனை ஒரு துண்டால் சுற்றிக் கொள்ளுங்கள்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். வளர்ந்த ஆண் 900 முதல் 1200 கிராம் வரை இருப்பான். ஒரே நாளில் 50 கிராம் இறங்கினால் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். மனிதனைப் போலவே இவற்றாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. அது குறைந்தால் புண் ஆறாது. கொய்யா, குடைமிளகாய், பெருநெல்லியில் ஒரு சிறு கீற்று போதும். தண்ணீரில் வைட்டமின் சி சொட்டுமருந்து கலந்தால் விரைவில் வீரியம் போய்விடும். கத்திரிச் செடியின் இலை கூடவே கூடாது. நம் பக்கத்தில் கொல்லைக்குக் கொல்லை கத்திரி இருப்பதால் சொல்கிறேன். ஆற்காடு சகோதரி, ஆண் குட்டிகளை 3 வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துவிட்டீர்கள்தானே?

ஆற்காட்டிலிருந்து:

பிரித்துவிட்டோம். தகப்பனோடு ஒரே கூண்டில்தான் இருக்கிறார்கள். குடியாத்தம் ஐயா சொன்ன இரண்டு வாசல் குடிலையும் அட்டைப் பெட்டியில் செய்து வைத்தாகிவிட்டது. ஆண் குட்டிகளை வளர்க்க விரும்புபவர்கள் ஆற்காடு, வாலாஜா பக்கம் இருந்தால் சொல்லுங்கள். இரண்டாகத்தான் கொடுப்போம், ஒன்றை மட்டும் கேட்டால் கொடுப்பதாக இல்லை.